அரசு வேலையிலிருந்து விமானி இருக்கைக்கு: ராஜினாமாவைக் கடைசியில் வைக்கும் முழு வழிகாட்டி

அரசு வேலையை விட்டு விமானி ஆக வருகிறவர்கள் பலர் வரிசையைத் தலைகீழாகப் போடுகிறார்கள். முதலில் ராஜினாமா, பிறகு பயிற்சிப் பள்ளிக்கு முன்பணம், அதற்கும் பிறகுதான் மருத்துவப் பரிசோதனை. நிறக்குருடு என்று அப்போது தெரிந்தால் வேலையும் இல்லை, முன்பணமும் இல்லை.

இந்திய உரிமம் வாங்கி இந்திய ஏர்லைன்ஸில் சேர விரும்பும் தமிழ்நாடு அரசு, மத்திய அரசு ஊழியர்களுக்கான வரிசை இது. மேசையில் உட்கார்ந்து செய்யக்கூடிய எல்லாவற்றையும் சம்பளம் வரும்போதே முடித்துவிட வேண்டும். பறப்பதற்கு நாள் குறித்த பிறகுதான் ராஜினாமா.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: 12ஆம் வகுப்பில் இயற்பியல், கணிதம் இரண்டிலும் தேர்ச்சி, பாஸ்போர்ட், ஓரளவு சரளமான ஆங்கிலம், இரண்டரை முதல் மூன்று ஆண்டு வருமானம் இல்லாமல் குடும்பம் ஓடுவதற்கான வழி. பயணிகள் விமானத்தில் 65 வயது வரை பறக்கலாம். 32 வயதில் தொடங்குகிறவருக்குப் போதிய காலம் இருக்கிறது. 40ஐத் தாண்டியவர்களை ஏர்லைன்ஸ் புதுமுகமாக எடுப்பது அரிது. ஏர்லைன்ஸே ஆள் எடுத்துப் பயிற்சி தரும் கேடட் திட்டங்களுக்கு மேல்வயது வரம்பு உண்டு என்பதால் அந்த அறிவிப்பை முதலில் பாருங்கள்.

1. கண் மருத்துவரிடம் ஒரு மாலை

செலவு மிகக் குறைவு, முடிவு மிகப் பெரிது. அதனால்தான் இது முதல் படி. பக்கத்து ஊரில் உள்ள கண் மருத்துவரிடம் இஷிஹாரா புத்தகத்தை வைத்து நிறப் பார்வையைச் சோதிக்கச் சொல்லுங்கள். இலேசான சிவப்பு–பச்சைக் குறைபாடு அலுவலக வாழ்க்கையில் வெளியே தெரியாது. முப்பது வயது வரை தெரியாமலே இருந்தவர்கள் நிறையப் பேர்.

கண்ணாடி போடுவது தடை அல்ல. கண்ணாடியோடு பார்வை 6/6 வர வேண்டும். லேசிக் செய்திருந்தால் அறுவை சிகிச்சைக்கு முந்தைய பவர், பிந்தைய பவர் இரண்டும் உள்ள அறிக்கையை இப்போதே தேடி எடுங்கள். பிறகு மருத்துவமனையில் பழைய கோப்பு கிடைப்பதே பெரும்பாடு.

இதே வாரத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, ஈசிஜி, காது கேட்கும் திறன் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். எடை கூடியிருந்தால் குறைக்க மூன்று மாதம் ஒதுக்குங்கள். பத்தாண்டு நாற்காலி வேலைக்குப் பிறகு தற்காலிகத் தகுதியின்மை வருவது பெரும்பாலும் இந்த இனங்களில்தான்.

2. பெயரும் இனிஷியலும்

தமிழ்நாட்டுக்காரர்கள் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடம் இது. மதிப்பெண் பட்டியலில் ‘கார்த்திக் மு’ என்று இருக்கும். ஆதாரில் ‘மு கார்த்திக்’. பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் முருகன்’. பணிப்பதிவேட்டில் ஆங்கில எழுத்துக்கூட்டலே வேறாக இருக்கும். மனிதருக்கு இவை ஒரே ஆள். விமானி உரிமம் தரும் மத்திய அமைப்பான டிஜிசிஏவின் இணையதளத்துக்கு நான்கு ஆள்.

பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்துக்கொண்டு ஆதாரையும் மற்றவற்றையும் அதற்கு இசைவாக மாற்றுங்கள். இனிஷியலை விரித்தது மட்டும்தான் வித்தியாசம் என்றால் பெரும்பாலும் உறுதிமொழிப் பத்திரம் போதும். எழுத்துக்கூட்டலே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுங்கள். அதைப் பணிப்பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். மறந்தால் கடைசி நாள் சான்றுகள் பழைய பெயரில் வந்து நிற்கும்.

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் அலுவலகத்தில் தடையின்மைச் சான்றுக்கோ முன்தகவல் கடிதத்துக்கோ இப்போதே மனுக் கொடுங்கள்.

அடுத்து உண்மைத்தன்மைச் சான்று. பணிவரன்முறைக்காக இதை ஒருமுறை வாங்கியிருப்பீர்கள். ஆனால் அது அலுவலகக் கோப்புக்குப் போனது. டிஜிசிஏவுக்காக அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடம் 10ஆம், 12ஆம் வகுப்பு இரண்டுக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சிபிஎஸ்இ என்றால் அந்த வாரியத்திடம்.

வணிகவியல், கலை, கணிதம் இல்லாத உயிரியல் பிரிவு, டிப்ளமோ வழியாக வந்தவர்கள் என்ஐஓஎஸ் என்னும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் 12ஆம் வகுப்பு இயற்பியலும் கணிதமும் எழுதித் தேறலாம். ஏற்கெனவே பட்டம் இருக்கிறதே என்று இதைத் தள்ளிப் போடாதீர்கள். எம்பிஏ இருந்தாலும் இந்த இரண்டு பாடம் இல்லாமல் கோப்பு நகராது.

3. கிளாஸ் 2, உடனே கிளாஸ் 1

டிஜிசிஏவின் இஜிசிஏ தளத்தில் கணக்கு தொடங்கி, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவர் பட்டியலில் ஒருவரிடம் கிளாஸ் 2 என்னும் முதல்நிலை மருத்துவச் சான்று எடுங்கள். மதிப்பீட்டுக் கடிதம் வந்ததும் கிளாஸ் 1க்கு நாள் வாங்குங்கள். தமிழ்நாட்டிலிருந்து பெரும்பாலும் பெங்களூருவில் உள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனத்துக்குப் போகிறார்கள். நாள் கிடைக்கவே வாரங்கள் ஆகும் என்பதால் கிளாஸ் 2 முடிந்த அன்றே வரிசையில் நில்லுங்கள்.

கிளாஸ் 2 தேறினால் கிளாஸ் 1உம் தேறும் என்று எண்ணி வேலையை விடுவது பெரிய தவறு. சிபிஎல் எனப்படும் வணிக விமானி உரிமத்துக்கு வேண்டியது கிளாஸ் 1. அதன் சோதனை இன்னும் ஆழமானது.

பழைய அறுவை சிகிச்சை, வலிப்பு, மனநல மருந்து, ஆஸ்துமா எதையும் மறைக்காதீர்கள். சொல்லிவிட்டால் பரிசீலனைக்கு வழி உண்டு. மறைத்தது பின்னாளில் தெரிந்தால் உரிமமே போகும். அப்போது உங்கள் பின்னால் முக்கால் கோடி ரூபாய் செலவு நிற்கும்.

4. அலுவலகத்தில் எழுத்து மூலமான அனுமதி

படிப்பதற்கும் தேர்வு எழுதுவதற்கும் துறைத் தலைமைக்கு மனுக் கொடுத்து முன் அனுமதி வாங்குங்கள். மேற்படிப்பு அனுமதிக்கு உள்ள அதே நடைமுறைதான். அலுவலக நேரம் பாதிக்கப்படாது, விடுப்பு எடுத்துத் தேர்வு எழுதுவேன் என்று ஒரு வரி சேர்த்தால் கையெழுத்து எளிதில் கிடைக்கும்.

வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கப் போகிறீர்கள் என்றால், நடத்தை விதிகளின்படி அசையாச் சொத்து சார்ந்த நடவடிக்கையையும் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் செய்தது ராஜினாமாக் கோப்பில் யாராவது ஒருவர் கண்ணில் படும். கோப்பு அங்கேயே உட்காரும்.

5. கம்ப்யூட்டர் எண், பிறகு தேர்வுகள்

டிஜிசிஏ தேர்வு எழுத ‘கம்ப்யூட்டர் நம்பர்’ என்னும் தேர்வர் பதிவு எண் வேண்டும். இரண்டாம் படியின் காகிதங்கள் சுத்தமாக இருந்தால் மட்டுமே இது சீக்கிரம் வரும். ஸ்கேன் மங்கலாக இருந்தாலோ கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போனாலோ குறை சொல்லித் திருப்புவார்கள்.

எழுத வேண்டியவை: ஏர் ரெகுலேஷன்ஸ், மீட்டியோராலஜி, நேவிகேஷன், டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். ஒவ்வொன்றிலும் 70% வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. எனவே ஒரு கேள்வியைக்கூடக் காலியாக விடாதீர்கள்.

வேலையில் இருப்பவர்களுக்கு ஏற்ற வரிசை: ரெகுலேஷன்ஸும் மீட்டியோராலஜியும் ஒரே சுற்றில். இரண்டும் வாசித்து நினைவில் வைக்கும் பாடங்கள், பேருந்தில் போகும்போதும் படிக்கலாம். நேவிகேஷனுக்கு ஒரு சுற்று முழுவதையும் தனியாக ஒதுக்குங்கள். அது கை பழக வேண்டிய பாடம். ஃப்ளைட் கம்ப்யூட்டர் என்ற வட்ட அளவுகோலைத் தினமும் ஒரு மணி நேரம் சுழற்றினால்தான் தேர்வறையில் நேரம் போதும். டிஎன்பிஎஸ்சிக்குப் படித்த பழக்கத்தில் பழைய வினாக்களை மட்டும் மனப்பாடம் செய்கிறவர்கள் இங்கேதான் 60இல் நின்றுவிடுகிறார்கள்.

டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக் என்பது நீங்கள் பறக்கப்போகும் விமான வகைக்கான தாள். செஸ்னா 172க்கு எழுதிவிட்டு டைமண்ட் விமானம் வைத்திருக்கும் பள்ளியில் சேர்ந்தால் மீண்டும் எழுத வேண்டியதுதான். பள்ளியை முடிவு செய்த பிறகே இதைத் தொடுங்கள்.

ஆர்டிஆர் என்னும் வானொலித் தொடர்புத் தேர்வு முன்பு தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்தது. 2025 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த பாரதீய வாயுயான் அதிநியம் 2024 என்ற புதிய விமானச் சட்டம் அதை டிஜிசிஏவிடம் கொடுத்துவிட்டது. பழைய முறையை வைத்து எழுதிய குறிப்புகளை நம்பாமல் புதிய பாடத்திட்டத்தைப் பாருங்கள். இதில் விழுவது பேச்சுப் பகுதியில். வாக்கியம் மனதில் தெரிந்தால் போதாது, வாய் பழக வேண்டும். ஒரு நண்பரைக் கட்டுப்பாட்டுக் கோபுரமாக உட்கார வைத்துச் சத்தமாகப் பேசிப் பழகுங்கள்.

தினம் இரண்டரை மணி நேரம் ஒதுக்கினால் இந்தப் படி ஒரு வருடம், ஒன்றேகால் வருடம் எடுக்கும். அத்தனை மாதமும் சம்பளம் வருகிறது. வேலையை விட்டுவிட்டு வகுப்பில் சேர்ந்து இதே தாள்களை எழுதுகிறவர் ஒரு வருடச் சம்பளத்தை இழக்கிறார்.

6. பணம்

இந்தியாவில் சிபிஎல், மல்ட்டி எஞ்சின் (ஒன்றுக்கு மேற்பட்ட எஞ்சின் உள்ள விமானத்துக்கான தகுதி), இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) சேர்த்து ஏறக்குறைய 50 முதல் 60 லட்சம். ஏ320 போன்ற ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதியான டைப் ரேட்டிங் 15 முதல் 25 லட்சம். தங்குமிடம், சாப்பாடு, மருத்துவம், கட்டணங்கள் தனி. 80 லட்சத்துக்குக் குறைவாகத் திட்டமிடாதீர்கள்.

80 லட்சத்தை 11% வட்டியில் பத்து ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 1,10,000 ரூபாய். தவணை விடுமுறைக் காலத்திலும் வட்டி ஓடுகிறது. முழுத் தொகையும் கைக்கு வந்திருந்தால் இரண்டரை ஆண்டில் 22 லட்சம் கூடியிருக்கும். ஆகையால் கடனைத் தவணை தவணையாகவே எடுங்கள், பறந்த மணிக்கு ஏற்ப.

வங்கியின் அனுமதிக் கடிதம் ராஜினாமாவுக்கு முன் கையில் இருக்க வேண்டும். பயிற்சிக்காக வேலையை விடப்போவதை வங்கியிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வருமானம் உள்ள கணவரையோ மனைவியையோ பெற்றோரையோ இணை விண்ணப்பதாரராகக் காட்டுங்கள். அரசு ஊழியர் என்பதால் எளிதாகக் கிடைக்கிறதே என்று தனிநபர் கடன் எடுத்துப் பயிற்சிக்குப் போகாதீர்கள். அதற்குத் தவணை அடுத்த மாதமே தொடங்கிவிடும்.

ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. டிஜிசிஏ அங்கீகரித்த பள்ளி நடத்தும் அங்கீகரிக்கப்பட்ட பறக்கும் பயிற்சிக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2024இல் ஜிஎஸ்டி கவுன்சிலின் 54ஆவது கூட்டத்துக்குப் பிறகு தெளிவுபடுத்திவிட்டார்கள். கட்டணப் பட்டியலில் 18% வரி எழுதியிருந்தால் அது எந்த இனத்துக்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

7. பள்ளியைத் தேர்வு செய்வது

டிஜிசிஏ 2025 அக்டோபர் முதல் ஆண்டுக்கு இருமுறை பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்துகிறது. முதல் பட்டியலில் மேல் இரண்டு தரங்களில் ஒரு பள்ளியும் வரவில்லை. பிரபலமான பெயர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்ட முடியாது என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

நேரில் போய் இரண்டு நாள் ஓடுபாதைப் பக்கம் நில்லுங்கள். எத்தனை விமானம் பறக்கிறது, எத்தனை கொட்டகையில் நிற்கிறது என்று எண்ணுங்கள். மாணவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘போன மாதம் எத்தனை மணி நேரம் பறந்தீங்க?’ பதில் 15க்குக் கீழே இருந்தால் உரிமத்துக்கு வேண்டிய 200 மணி முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். பருவமழை, பயிற்றுநர் பற்றாக்குறை, பழுது, தேர்வாளர் கிடைக்காமை எல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்கிவிடும்.

உத்தரப் பிரதேசம் ஃபுர்சத்கஞ்சில் உள்ள அரசு அகாடமிக்கு நுழைவுத் தேர்வு உண்டு. அதையும் விண்ணப்பப் பட்டியலில் வையுங்கள். எங்கே சேர்ந்தாலும் முழுக் கட்டணத்தையும் முன்பே கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது ஒப்பந்தத்தில் எண்ணாகவே இருக்க வேண்டும்.

8. விடுப்பா, ராஜினாமாவா, விருப்ப ஓய்வா

படிப்பு விடுப்பு கிடைக்காது. அது உங்கள் பணியோடு தொடர்புள்ள படிப்புக்கு மட்டும். ஊதியமில்லா அசாதாரண விடுப்பு கேட்டுப் பார்க்கலாம். கேட்பது உரிமை, கிடைப்பது அதிகாரியின் விருப்பம். மத்திய அரசு விதிப்படி எந்த விடுப்பிலும் தொடர்ந்து ஐந்து ஆண்டுக்கு மேல் வெளியே இருக்க முடியாது. விடுப்பில் இருந்துகொண்டு வேறு இடத்தில் சம்பளம் வாங்கவும் கூடாது.

மருத்துவ விடுப்புப் போட்டுவிட்டுப் பறக்கப் போகவே கூடாது. ‘உடல்நலமில்லை’ என்று ஒரு சான்று, அதே மாதத்தில் ‘பறக்க முழுத் தகுதி’ என்று கிளாஸ் 1 சான்று. இரண்டும் உங்கள் பெயரிலேயே இருக்கும். ஒழுங்கு நடவடிக்கை விதி 17(பி)இன் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்துவிட்டால் அது முடியும் வரை ராஜினாமாவை ஏற்க மாட்டார்கள்.

‘டெக்னிக்கல் ரெசிக்னேஷன்’ போட்டால் பணிக்காலம் காக்கப்படும் என்று சொல்வார்கள். அது வேறொரு அரசுப் பணிக்குப் போகிறவர்களுக்கு. ஏர் இந்தியாவும் 2022 ஜனவரி 27 முதல் தனியார் கையில் இருப்பதால் அந்த வழி இல்லை.

20 ஆண்டு தகுதிப் பணியை நெருங்கியவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ராஜினாமா செய்தால் பழைய பணிக்காலம் முழுவதும் ஓய்வூதியக் கணக்கிலிருந்து அழியும். விருப்ப ஓய்வில் அப்படி இல்லை. 18 ஆண்டு முடித்தவர் மீதி இரண்டு ஆண்டில் தேர்வுகளை முடித்து, விருப்ப ஓய்வில் வெளியேறுவதே மேல்.

9. கடைசி மூன்று மாதம் அலுவலகத்தில்

பள்ளி உங்கள் பேட்ச் தொடங்கும் நாளை எழுதிக் கொடுத்த பிறகே ராஜினாமாக் கடிதம். நிபந்தனை எதுவும் இல்லாமல், எந்த நாளிலிருந்து என்று தெளிவாக எழுதுங்கள். ஏற்பு ஆணை வரும் வரை நீங்கள் ஊழியர்தான். அதற்குள் பயிற்சிக்குப் போய்விட்டால் அனுமதியின்றி வராமலிருந்ததாகப் பதிவாகும்.

மத்திய அரசில் ராஜினாமா நடைமுறைக்கு வந்த பிறகு, சில சூழல்களில் 90 நாளுக்குள் அதைத் திரும்பப் பெற இடமுண்டு. தனியார் வணிக நிறுவனத்தில் சேர்வதற்காக விலகியவருக்கு அந்த இடமும் இல்லை. திரும்பி வரலாம் என்ற எண்ணத்தோடு கையெழுத்துப் போட வேண்டாம்.

கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கக் கடனை முதலில் முடியுங்கள். உங்களுக்கு ஜாமீன் போட்டவர் பக்கத்து மேசைக்காரர். நீங்கள் கட்டாவிட்டால் அவர் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். நீங்கள் பிறருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்துகளையும் மாற்றிக் கொடுக்க வேண்டும். வீடு கட்டும் முன்பணம் இருந்தால் அதற்கும் இதே கதி.

தமிழ்நாடு அரசு ஊழியர்கள் சிபிஎஸ் என்னும் பங்களிப்பு ஓய்வூதியக் கணக்குத் தாளை எடுத்து மாதம் மாதமாகச் சரிபாருங்கள். இடமாறுதல் நடந்த மாதங்களில் வரவு விடுபட்டிருப்பது சாதாரணம். வேலையில் இருக்கும்போது ஒரு கடிதத்தில் முடியும் வேலை, வெளியே போனபின் அலைச்சலாகிவிடும். என்பிஎஸ் என்னும் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள மத்திய அரசு ஊழியர் இடையில் வெளியேறித் தொகையை எடுத்தால் 80%ஐ ஆண்டுத்தொகைத் திட்டத்தில் போட வேண்டும். கணக்கை அனைத்துக் குடிமக்கள் பிரிவுக்கு மாற்றிக்கொண்டு அப்படியே விடுவது பெரும்பாலானோருக்கு நல்லது.

ஈட்டிய விடுப்பை மத்திய அரசில் ராஜினாமாவின்போது பாதி மட்டுமே பணமாக்கலாம், உச்சம் 150 நாள்.

குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீட்டை இப்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்கிறார்கள். அந்தக் கடிகாரம் சம்பளம் வரும்போதே ஓடத் தொடங்கட்டும். கிளம்பும் நாளில் ஏற்பு ஆணை, பணிவிடுவிப்பு ஆணை, கடைசி ஊதியச் சான்று, நிலுவையின்மைச் சான்று, பணிப்பதிவேட்டின் நகல் ஐந்தும் பையில் இருக்க வேண்டும்.

10. இருநூறு மணி நேரம்

சிபிஎல்லுக்கு மொத்தம் 200 மணி. அதில் 100 மணி தலைமை விமானியாக. 20 மணி ஊர் விட்டு ஊர் பறத்தல், அதில் ஒன்று 300 கடல் மைலுக்குக் குறையாமல், வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் முழுமையாக நின்று இறங்கி. 10 மணி கருவிகளைப் பார்த்து, 5 மணி இரவில். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு கருவிப் பறத்தல் 40 மணி, ஊர் விட்டு ஊர் 50 மணி.

300 கடல் மைல் பறத்தலில் சக்கரம் தொட்டுவிட்டு மறுபடி எழும்பியிருந்தால் அது கணக்கில் வராது. விதி கேட்பது ‘ஃபுல் ஸ்டாப்’. கட்டுப்பாட்டுக் கோபுர அதிகாரி அவசரப்படுத்தினாலும் நின்று, நேரத்தை எழுதிக்கொண்டு கிளம்புங்கள்.

தலைமை விமானி மணிகளில் 15, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் பறந்ததாக இருக்க வேண்டும். இரவில் 10 புறப்பாடு, 10 இறக்கமும் அப்படியே. எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஒரு எழுத்துத் தேர்வு மட்டும் பாக்கி இருந்தால் இந்த ஆறு மாதம் கரைந்துபோய், மீண்டும் காசு கொடுத்துப் பறக்க வேண்டிவரும். ஐந்தாம் படியை வேலையில் இருக்கும்போதே முடிக்கச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

பறந்த மணிகளைக் குறிக்கும் லாக்புக்கை அன்றன்றே எழுதுங்கள். விமானத்தின் பதிவு எழுத்துகள், புறப்பட்ட நேரம், நின்ற நேரம் மூன்றும் பள்ளியின் அனுமதிப் பதிவேட்டோடும் விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேட்டோடும் நிமிடம் பிசகாமல் பொருந்த வேண்டும். பறக்காத மணியை ‘எழுதிக்கலாம்’ என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். டிஜிசிஏ மூன்று பதிவேடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்.

11. உரிமம் வந்த பிறகு

ஆங்கிலத் திறன் நிலை 4 கட்டாயம். அது மூன்று ஆண்டுக்குச் செல்லும், நிலை 6 வாழ்நாள் முழுவதும். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. ஏர்லைன்ஸ் அழைப்புக்கு ஆறு மாதமும் ஆகலாம், ஒன்றரை ஆண்டும் ஆகலாம். இந்தக் காத்திருப்புக்கென 6 லட்சமாவது தொடாமல் வைத்திருங்கள்.

வேலைக் கடிதம் இல்லாமல் கைக்காசில் டைப் ரேட்டிங் செய்யாதீர்கள். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். அப்போது அனுபவம் வாய்ந்த விமானிகளே சந்தையில் நிறைந்துவிட்டார்கள். புதிதாக ரேட்டிங் வாங்கியவரின் தாளுக்கு, பறக்காமல் இருக்கும் ஒவ்வொரு மாதமும் மதிப்புக் குறையும்.

சேரும்போது பத்திரத்தை வரி வரியாக வாசியுங்கள்: பயிற்சிக் காலத்தில் முழுச் சம்பளமா உதவித்தொகையா, பாண்ட் எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் எவ்வளவு. 2017இல் டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி துணை விமானி விலக ஆறு மாத நோட்டீஸ், கேப்டனுக்கு ஓராண்டு. உரிமம் இழப்புக் காப்பீட்டை நிறுவனம் தருகிறதா என்றும் கேளுங்கள். தராவிட்டால் முதல் சம்பளத்திலேயே சொந்தமாக எடுங்கள். கடன் ஓடும் பத்து ஆண்டும் தவணை கட்டப்போவது உங்கள் கிளாஸ் 1 சான்றுதான்.